‘ஓபரா ஹவுஸ்’ என்று பெயர், ஓபராவைக் காணோம்: அமெரிக்கச் சிற்றூர்ப் பழைய அரங்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் சிற்றூர்களின் கடைத்தெருவில் நடந்தால், இரண்டு மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றின் நெற்றியில் ‘ஓபரா ஹவுஸ்’ என்று கல்லில் வெட்டியிருப்பது கண்ணில் படும். கீழே மருந்துக்கடையோ சாப்பாட்டுக்கடையோ நடக்கும். மேல்தளம் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். அந்தப் பெயரைப் பார்த்து வியந்தவர்களும், அந்தக் கட்டடத்தைத் திரும்பத் திறக்கப் பாடுபடும் ஊர்க்காரர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு எதுக்கு ஓபரா ஹவுஸ்? நிஜமாவே அங்கே ஓபரா பாடினாங்களா?

பெரும்பாலும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், அதிலும் தேவாலயப் பிடிப்பு மிகுந்த ஊர்களில், ‘தியேட்டர்’ என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. குடியும் கூத்தும் நடக்கிற இடம் என்றுதான் நினைத்தார்கள். ‘ஓபரா’ என்றால் ஐரோப்பியப் பண்பாடு, கௌரவம். பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் தயங்காமல் படியேறி வர அந்தப் பெயர் உதவியது. ‘அகாடமி ஆஃப் மியூசிக்’, ‘மியூசியம்’, வெறும் ‘ஹால்’ என்று வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

ஓபரா அடியோடு வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ என்ற ஆங்கில நகைச்சுவை இசைநாடகம் 1878-இல் லண்டனில் மேடையேறி, அதே ஆண்டு பாஸ்டனுக்கு வந்தது. வெளிநாட்டுப் படைப்புகளுக்கு 1891 வரை அமெரிக்காவில் காப்புரிமை இல்லாததால், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் அதை ஆடினார்கள். எம்மா அபட் என்ற பாடகியின் குழு இத்தாலிய ஓபராக்களை ஆங்கிலத்தில் பாடி ஊர் ஊராகப் போனது. புது ஓபரா ஹவுஸ்களின் திறப்பு விழா என்றால் அவரைத்தான் அழைப்பார்கள் என்னும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தார்.

அப்படின்னா உள்ளே என்னதான் நடந்தது?

ஊரில் நடக்க வேண்டிய எல்லாமே. கண்ணீர் பிழியும் குடும்ப நாடகங்கள், மந்திர வித்தை, பொது விரிவுரை, தேர்தல் கூட்டம், பள்ளியின் பட்டமளிப்பு, நடனம், விருந்து, சக்கரக் காலணிச் சறுக்கல், குத்துச்சண்டை, பின்னாளில் கூடைப்பந்து. ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலை நாடகமாக்கிய குழுக்கள் மட்டுமே ஏராளம். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த ‘மின்ஸ்ட்ரல்’ நிகழ்ச்சிகளும் இதே மேடைகளில் கூட்டம் சேர்த்தன. பழைய விளம்பரத் தாள்களைப் புரட்டும்போது அவை அடிக்கடி வரும். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள். அது சரியல்ல.

எந்தக் காலத்துக் கட்டடங்கள் இவை? பணம் யாருடையது?

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்ததிலிருந்து முதல் உலகப் போர் வரையிலான 50 ஆண்டுகளில்தான் பெரும்பாலானவை எழுந்தன. ரயில் வந்த ஊருக்கு நாடகக் குழுவும் வரும். குழு வரும் ஊருக்கு அரங்கு வேண்டும்.

பணம் பலவிதமாக வந்தது. கொலராடோவின் லெட்வில் ஊரில் வெள்ளிச் சுரங்கத்தில் பொருள் சேர்த்த ஹொரஸ் டேபர், 100 நாளில் கட்டி 1879 நவம்பர் 20 அன்று தன் பெயரிலேயே அரங்கைத் திறந்தார். கனெக்டிகட்டின் ஈஸ்ட் ஹாடமில் கப்பல் வணிகர் வில்லியம் குட்ஸ்பீட் 1876-இல் ஆற்றங்கரையில் கட்டிய கட்டடத்தில் நீராவிப் படகுத் துறை, கடை, அலுவலகங்கள் எல்லாம் கீழே, அரங்கு மேலே. கொலராடோவின் சென்ட்ரல் சிட்டியில் 1878-இல் திறந்த கல் கட்டடத்துக்கு உழைத்தவர்கள் வேல்ஸ், கார்ன்வால் பகுதிகளிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியிலோ ஊராட்சியே வரிப்பணத்தில் கட்டி, கீழே அலுவலகமும் மேலே அரங்கும் வைத்துக்கொண்டது.

மேடையை ஏன் மாடியில கொண்டுபோய் வச்சாங்க? கனமான சாமானை எல்லாம் தூக்கிட்டுப் போகணுமே?

இரண்டு காரணங்கள். முதலாவது வாடகை. அரங்கு மாதத்தில் சில இரவுகள்தான் காசு பார்க்கும். கீழ்த்தளத்தில் கடையோ வங்கியோ இருந்தால் மாதம் முழுவதும் பணம் வரும். அரங்கு நட்டத்தில் ஓடினாலும் கட்டடம் தாங்கும்.

இரண்டாவது, பலர் யோசிக்காத காரணம்: தூண்கள். பார்வையாளர் கூடத்தின் நடுவே தூண் நின்றால் மேடை மறையும். கூடம் கீழே இருந்தால், மேலே உள்ள தளத்தைத் தாங்கத் தூண் இல்லாமல் முடியாது. கூடம் உச்சியில் இருந்தால், அதன் மேல் கூரை மட்டும்தான். சுவருக்குச் சுவர் எட்டும் மர டிரஸ்கள் (கூரையைத் தாங்கும் சட்டக் கட்டுகள்) போதும். கீழே கடைகளுக்கு நடுவே எத்தனை தூண் நின்றாலும் யாருக்கும் தொல்லையில்லை. காட்சி வரைந்த படுதாக்களையும் பெட்டிகளையும் பின்சுவரில் உயரமாக வைத்த கதவு வழியாகக் கப்பி போட்டு ஏற்றினார்கள். இன்று செங்கல் வைத்து அடைத்திருந்தாலும் அந்தக் கதவின் தடம் வெளிச்சுவரில் தெரியும்.

தரை சமமா இருக்கே? பின்வரிசைக்காரருக்கு மேடை எப்படித் தெரிஞ்சிருக்கும்?

சரியாகத் தெரியவில்லைதான். தரை சமமாக இருந்தால் அது பலவேலைக் கூடம்: நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு நடனமோ விருந்தோ வைக்கலாம். தரை மேடையை நோக்கிச் சரிந்திருந்தால் நாடகத்துக்கென்றே கட்டியது. சமதரைக் கூடங்களில் மேடையை உயர்த்தியும், மேடைத் தரையையே பார்வையாளரை நோக்கிச் சற்றுச் சாய்த்தும் குறையை ஓரளவு ஈடுகட்டினார்கள். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பழைய மடக்கு நாற்காலிகளின் அடியில் வளைந்த கம்பி ஒன்று இருக்கும். உடைந்த பாகம் என்று பிய்த்துப் போட்டவர்கள் உண்டு. அது தொப்பி வைக்கும் கம்பி.

திரையை மேலே தூக்கவே இடம் இல்லையே, அப்புறம் எப்படிக் காட்சி மாத்தினாங்க?

பெரிய நகர அரங்குகளில் மேடைக்கு மேல் உயரமான கூண்டு இருக்கும், படுதா முழுதாக மேலே போய் மறையும். சிற்றூரில் அவ்வளவு உயரம் கிடையாது. அதனால் சுருட்டுப் படுதா. படுதாவின் மேல்விளிம்பை விட்டத்தில் ஆணியடித்து நிறுத்துவார்கள். கீழ்விளிம்பை நீண்ட மர உருளையில் பதிப்பார்கள். உருளையின் இரு முனைகளிலும் கயிறு சுற்றியிருக்கும். கயிற்றை இழுத்தால் உருளை சுழன்றபடி மேலேறும், துணி கீழிருந்து சுருண்டுகொண்டே போகும். இரு கயிறும் ஒரே அளவில் ஏறாவிட்டால் துணி கோணலாகச் சுருளும். உருளை நடுவில் தொய்ந்தால் படத்தின் மையத்தில் சுருக்கம் விழும். இன்றும் கெடுவது இந்த இரண்டும்தான்.

பக்கத்தட்டிகளை மேடைத் தரையிலும் மேலேயும் உள்ள பள்ளங்களில் செருகித் தள்ளி இழுத்தார்கள். காட்சிகளை ஊருக்கென வரைய வேண்டியதில்லை. சிகாகோவின் சாஸ்மன் அண்ட் லாண்டிஸ் போன்ற ஓவியக் கூடங்கள் தொகுதியாக விற்றன: வரவேற்பறை, எளிய வீட்டின் அடுக்களை, தெரு, காடு, தோட்டம், சிறை. எந்த நாடகம் வந்தாலும் இந்த ஆறுக்குள் அடக்கிவிடுவார்கள். முன்திரையில் வெனிஸ் கால்வாயோ மலை ஏரியோ நடுவில், சுற்றிலும் உள்ளூர்க் கடைகளின் விளம்பரம். அந்த விளம்பரக் காசில்தான் திரைக்கே விலை கொடுத்தார்கள்.

மேடைக்குப் பின்னால சுருட்டின பழைய படுதா ஒண்ணு கிடைச்சிருக்கு. விரிச்சுப் பார்க்கலாமா?

உடனே வேண்டாம். அந்தப் படுதாக்கள் பருத்தித் துணியில் டிஸ்டெம்பர் வண்ணத்தால் வரைந்தவை. வண்ணப் பொடியை விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசைநீரில் குழைத்துப் பூசியிருப்பார்கள். எண்ணெய் வண்ணம் போல அது படலமாக நிற்காது. பசை வலுவிழந்தால் பொடியாக உதிரும். தண்ணீர் பட்டால் பசை கரைந்து, நீர் நின்ற விளிம்பில் பழுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டை நீக்குவது ஏறக்குறைய முடியாத வேலை. ஈரத்துணியால் துடைப்பதும், தீத்தடுப்புத் திரவத்தைத் தெளிப்பதும் படத்தை அழிக்கும் வேலைகளே.

விரிப்பதாக இருந்தால் இப்படி. படுதாவின் அகலத்தைவிடப் பெரிய, சுத்தமான, உலர்ந்த தரை வேண்டும். தரையில் புது பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். உருளைக்கு இருபுறமும் ஆள் நின்று, இழுக்காமல் உருட்டியே விரிக்க வேண்டும். கையுறையும் நல்ல முகக்கவசமும் கட்டாயம். அக்காலப் பச்சையில் ஆர்செனிக், மஞ்சளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, எலி எச்சமும் சேர்ந்திருக்கும். பூவேலைப் பகுதிகள், எழுத்துகள், வரைந்த கூடத்தின் பெயர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் பெரும்பாலும் கீழ் மூலையில் இருக்கும். பின்பக்கத் தூசியை, தூசி உறிஞ்சும் கருவியின் குழாய் வாயில் வலை கட்டி, மிகக் குறைந்த இழுவையில் எடுக்கலாம். முன்பக்கத்தை நிபுணருக்கு விட்டுவிடுங்கள். எக்காரணம் கொண்டும் மடிக்காதீர்கள். மடிப்பில் வண்ணம் கோடாகப் பெயர்ந்துவிடும்.

உங்களுடையது ஒன்றுதான் என்று எண்ணவும் வேண்டாம். வெர்மான்ட் என்ற சின்ன மாநிலத்தில் மட்டும் 1990-களில் தொடங்கிய தேடலில் 150-க்கும் மேற்பட்ட படுதாக்கள் வெளிவந்தன. மேடைக்கு அடியிலும் பரணிலும் தேடிப் பாருங்கள்.

மின்சாரம் வர்றதுக்கு முன்னாடி வெளிச்சத்துக்கு என்ன பண்ணினாங்க?

மேடை விளிம்பில் வரிசையாக மண்ணெண்ணெய் விளக்குகள். வாயுக் குழாய் வந்த ஊரில் வாயு விளக்குகள். குழாய் வராத ஊரில், 1890-களுக்குப் பிறகு, கால்சியம் கார்பைடில் தண்ணீர் விட்டு அசிட்டிலின் எரித்தார்கள். ஒருவர் மேல் மட்டும் ஒளி பாய்ச்ச, ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியில் படவிட்டு வெண்சுடர் உண்டாக்கினார்கள். சுவரில் பூச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு இரும்புக் குழாய் முனைகள் வாயு விளக்கின் மிச்சம். அறுத்து எறியாமல் விட்டுவையுங்கள், கட்டடத்தின் வயதைச் சொல்லும் சாட்சி அது. அறுக்கும் முன் அதில் இன்னமும் வாயு வருகிறதா என்று சோதிக்காமல் விட்டால் வேறு சாட்சியும் தேவைப்படாது.

இவ்வளவு மரம், துணி, திறந்த சுடர்... தீப்பிடிக்கலையா?

பிடித்தது, பலமுறை. மேலே சொன்ன மாடி அரங்கும் மண்ணெண்ணெய் விளக்கும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பென்சில்வேனியாவின் பாயர்டவுன் ஊர் காட்டியது. 1908 ஜனவரி 13 இரவு, ரோட்ஸ் ஓபரா ஹவுஸின் இரண்டாம் தளத்தில் ஒரு தேவாலயக் குழுவின் நாடகம். இடையே படம் காட்டும் கருவியின் வாயுக் குழாய் திடீரெனச் சீறியது. கூட்டம் பதறியது. மேடையில் இருந்தவர்கள் என்னவென்று பார்க்கத் திரையைத் தூக்கிய குழப்பத்தில் மண்ணெண்ணெய் முன்விளக்குகள் கவிழ்ந்தன. சீறல் சத்தம் யாரையும் கொல்லவில்லை. கொன்றது கதவு. வெளியேறும் வாயிலின் கதவுகள் உள்நோக்கித் திறப்பவை, அதிலும் ஒரு பாதி தாழிட்டிருந்தது. நெருக்கியடித்து வந்த கூட்டமே கதவைத் திறக்க விடாமல் அழுத்திக்கொண்டது. ஏறக்குறைய 170 பேர் இறந்தார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1903 டிசம்பர் 30 அன்று, சிகாகோவின் இராக்வா தியேட்டரில் 602 பேர் இறந்திருந்தார்கள். அது திறந்து ஐந்து வாரமே ஆன, தீப்பிடிக்காது என்று விளம்பரப்படுத்திய பெருநகர அரங்கு. நகரங்கள் விதிகளை இறுக்கின. சிற்றூர்களுக்கு அந்த இறுக்கம் வந்துசேரத் தாமதமானது. பென்சில்வேனியா 1909-இல் கதவு, வழி, தீயணைப்புக் கருவி பற்றிச் சட்டம் இயற்றியது. உடம்பால் தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பித் தாழ்ப்பாள் இண்டியானாபோலிஸில் உருவாகி 1908-இல் விற்பனைக்கு வந்தது. சிகாகோ தீக்குப் பிறகு கார்ல் பிரின்ஸ்லர் என்பவர் முன்வைத்த யோசனை அது.

கட்டடத்திலேயே இந்தக் கதையைப் படிக்கலாம். கதவுச் சட்டத்தின் உட்புறம் கீல் இருந்து அடைத்த பள்ளங்கள் தெரிந்தால், கதவைப் பின்னாளில் வெளிநோக்கித் திருப்பியிருக்கிறார்கள். சன்னல் ஒன்றைக் கீழ்வரை வெட்டி இரும்புப் படி வைத்திருந்தால் அதுவும் பெரும்பாலும் 1903-க்குப் பிந்தைய வேலை.

பால்கனிக்கு மட்டும் சந்துப் பக்கத்திலிருந்து தனிப் படிக்கட்டு ஏன்?

தென் மாநிலங்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே விடை: கறுப்பினப் பார்வையாளர்களை முன்வாயில் வழியே விடவில்லை. தனிச் சீட்டு சன்னல், தனிப் படி, மேல் பால்கனியில் மட்டும் இடம். வட மாநிலங்களிலும் இந்தப் பாகுபாடு இருந்தது. அரங்குகளில் பாகுபாடு கூடாது என்று 1875-இல் கூட்டரசு (மத்திய அரசு) சட்டம் இயற்றியது. 1883-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, சேர்த்து விசாரித்த ஐந்து வழக்குகளில் இரண்டு அரங்குகள் பற்றியவை. ஒன்று நியூயார்க்கின் கிராண்ட் ஓபரா ஹவுஸ், மற்றது சான்ஃபிரான்சிஸ்கோவின் மக்வையர்ஸ் தியேட்டர்.

ஆனால் தனிப் படி இருந்தாலே இனப் பாகுபாட்டுக்குச் சான்று என்று எழுதிவிடக் கூடாது. மலிவுச் சீட்டுக்காரர்களைப் பிரிக்கவும் அப்படிக் கட்டினார்கள். அந்த ஆண்டுச் செய்தித்தாள் விளம்பரத்தில் இருக்கை விவரம் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒரு குழு ஊருக்கு வந்து போற ஏற்பாடு எப்படி நடந்தது?

முன்னோடி ஒருவர் சில நாள் முந்தி வந்து சுவரொட்டி ஒட்டி, செய்தித்தாளுக்கு விளம்பரம் கொடுத்துவிட்டுப் போவார். குழு மதிய ரயிலில் இறங்கும், இரவு ஆடும், மறுநாள் காலை ரயிலில் அடுத்த ஊர். மலிவான பரபரப்பு நாடகங்களுக்கு ‘10-20-30’ என்றே பெயர். சீட்டு விலை அத்தனை சென்ட்.

யார், எந்த ஊரில், எந்த இரவு என்பதை முதலில் ஊர் மேலாளரே கடிதம் எழுதிப் பேசினார். 1896-இல் நாடகத் தொழில் முதலாளிகள் ஆறு பேர் சேர்ந்து தியேட்டரிக்கல் சிண்டிகேட் என்ற கூட்டை அமைத்து, நல்ல குழுக்களின் பயணத் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பெருநகரங்களுக்கு இடையிலான ரயில் தடத்தில் இருந்த சிற்றூர் அரங்குகள், அவர்கள் அனுப்புவதை ஏற்றால்தான் இரவுகளை நிரப்ப முடியும் என்ற நிலை வந்தது.

கடைசியில எதனால மூடினாங்க? சினிமாதானே காரணம்?

சினிமா முக்கியக் காரணம், ஒரே காரணம் அல்ல. தொடக்கத்தில் சினிமா இந்த அரங்குகளுக்குள்தான் வந்தது. பின்சுவரில் தகரம் அடித்த சின்ன அறையும் இரண்டு சதுரத் துளைகளும் இருந்தால் அது படம் ஓட்டிய அறை. அக்கால நைட்ரேட் பிலிம் வெடித்தெரியக் கூடியது என்பதால்தான் தகரம். பிறகு தரைத்தளத்திலேயே சினிமாவுக்கென்று கொட்டகை எழுந்ததும் மாடியேற யாரும் விரும்பவில்லை. அதோடு ரயில் கட்டணம், தீ விதிகளுக்கான செலவு, கார் வந்ததால் பக்கத்து நகரத்துக்கே போய்விடும் பழக்கம், பள்ளிகள் சொந்தமாகக் கூடம் கட்டிக்கொண்டது.

இதில் ஒரு நன்மையும் நடந்தது. பணம் இல்லாததால் மேல்தளத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. பூட்டிவிட்டுப் போனார்கள். அதனால்தான் திரையும் நாற்காலியும் அப்படியே கிடைக்கின்றன.

எங்க ஊர் ஓபரா ஹவுஸ் வரலாற்றை எழுதணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

ஊர்ப் பெரியவர்களிடம் தொடங்காதீர்கள், அவர்களிடம் முடியுங்கள். முதலில் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள்: காப்பீட்டாளர்களுக்காகக் கட்டடம் கட்டடமாக வரைந்த ஊர்ப் படங்கள். காங்கிரஸ் நூலகம் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம்) ஏராளமானவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில், இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். அரங்கு எந்தத் தளம், சூடேற்ற அடுப்பா நீராவியா, விளக்கு எது என்பதெல்லாம் சிறு எழுத்தில் இருக்கும். சில ஆண்டு இடைவெளியில் வந்த அடுத்தடுத்த பதிப்புகளை அருகருகே வைத்தால் எப்போது கட்டினார்கள், எப்போது நீட்டினார்கள் என்பது ஓர் எல்லைக்குள் அகப்படும்.

அடுத்து, ஜூலியஸ் கான் 1896 முதல் வெளியிட்ட நாடகக் குழுக்களுக்கான வழிகாட்டி. ஊர்வாரியாக மேலாளர் பெயர், இருக்கை எண்ணிக்கை, மேடை வாயின் அகல உயரம், முன்விளக்கிலிருந்து பின்சுவர் வரை ஆழம், விளக்கு வகை, எத்தனை சுவரொட்டி அனுப்ப வேண்டும், விடுதிகள் எவை என்று எல்லாம் உண்டு. மேடை அளவுகளை நம்பலாம், ஏனென்றால் தவறினால் படுதா பொருந்தாது. இருக்கை எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. அது மேலாளர் சொன்னது, குழுவைக் கவர்வதற்காகச் சொன்னது.

பிறகு காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு, மாவட்ட அலுவலகத்தின் பத்திரப் பதிவு. கடைசியாக மேடைப் பின்சுவர். குழுவினர் தங்கள் பெயரையும் தேதியையும் பென்சிலால் கிறுக்கிவிட்டுப் போவது வழக்கம். சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிறிய எழுத்தும் தெரியும். சுண்ணாம்பு அடிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கல்லில் ஓர் ஆண்டு, செய்தித்தாளில் வேறு ஆண்டு. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். கல்லில் இருப்பது பெரும்பாலும் கட்டத் தொடங்கிய அல்லது வெளிச்சுவர் முடிந்த ஆண்டு. முதல் நிகழ்ச்சி அடுத்த ஆண்டு நடந்திருக்கும். குட்ஸ்பீட் கட்டடம் 1876, முதல் நாடகம் 1877. இன்னொன்று, பெயர் ஒன்றாகவும் கட்டடம் வேறாகவும் இருப்பது. நெவாடாவின் வர்ஜினியா சிட்டியில் பைப்பர்ஸ் ஓபரா ஹவுஸ் 1875-இலும் 1883-இலும் எரிந்தது. இன்று நிற்பது 1885-இல் எழுந்த மூன்றாவது கட்டடம். 1870-களின் நிகழ்ச்சியை இந்த மேடையில் நடந்ததாக எழுதினால் பிழை.

‘ஜென்னி லிண்ட் இங்கே பாடினார்’, ‘லிங்கனைச் சுட்ட பூத் இங்கே நடித்தார்’னு சொல்றாங்களே?

கழித்தல் கணக்குப் போட்டால் போதும். ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் அமெரிக்காவில் இருந்தது 1850 முதல் 1852 வரை. ஜான் வில்க்ஸ் பூத் 1865-இல் இறந்தார். அதற்குப் பிறகு கட்டிய அரங்கில் இருவரும் கால் வைத்திருக்க முடியாது. பூத் கதைக்குப் பின்னால் சிலவேளை அவருடைய அண்ணன் எட்வின் பூத் இருப்பார், அவர் 1893 வரை வாழ்ந்த பெரும் நடிகர். கதையை அடியோடு தள்ளாமல் அந்தப் பெயரில் தேடிப் பாருங்கள். நம்ப முடியாததெல்லாம் பொய்யும் அல்ல: எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் 1882-இல் லெட்வில் டேபர் அரங்கில் சுரங்கத் தொழிலாளர்கள் முன் உரையாற்றியது உண்மை.

கட்டடங்களைப் பற்றியும் இதே கணக்கு. வெர்மான்ட் எல்லையிலுள்ள ஹாஸ்கெல் ஓபரா ஹவுஸ், பழைய பாஸ்டன் ஓபரா ஹவுஸைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். ஹாஸ்கெல் திறந்தது 1904. பாஸ்டன் ஓபரா ஹவுஸ் திறந்தது 1909.

அந்த ஹாஸ்கெலில்தான் மேடை ஒரு நாட்டிலும் நாற்காலிகள் இன்னொரு நாட்டிலும் இருக்கா?

ஆம். கீழே நூலகம், மேலே சுமார் 400 இருக்கை அரங்கு. அமெரிக்காவின் டெர்பி லைன், கனடாவின் ஸ்டான்ஸ்டெட் இரண்டு ஊருக்கும் பொது என்று மார்த்தா ஹாஸ்கெலும் மகனும் வேண்டுமென்றே எல்லைக்கோட்டின் மேல் கட்டினார்கள். அரங்கின் வருமானத்தில் இலவச நூலகம் நடக்க வேண்டும் என்பது எண்ணம். கோடு கூடத்தைக் கோணலாக வெட்டுகிறது: மேடை கனடாவில், பெரும்பாலான இருக்கைகள் அமெரிக்காவில். எல்லையில் அப்படி இன்று புதிதாகக் கட்ட முடியாது. கோட்டின் இருபுறமும் 10 அடி வெறுமையாக இருக்க வேண்டும். முன்வாயில் அமெரிக்கப் பக்கம். கனடியர்கள் சோதனையின்றி நடைபாதை வழியே அந்த வாயிலுக்கு வந்து போன பழக்கத்துக்கு அமெரிக்க அதிகாரிகள் 2025-இல் கட்டுப்பாடு விதித்தார்கள். கனடியப் பக்கத்திலேயே தனி வாயில் அமைக்கும் தேவை அதனால் வந்தது.

எங்க கட்டடம் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இருக்கு. இனி யாரும் இடிக்க முடியாதுதானே?

முடியும். இதுதான் மிக ஆபத்தான தவறான நம்பிக்கை. 1966 சட்டத்தின்கீழ் வந்த அந்தப் பதிவேடு, கூட்டரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலைகளை மட்டுமே பரிசீலனைக்கு உட்படுத்தும். சொந்தக்காரர் சொந்தப் பணத்தில் இடித்தால் அது தடுக்காது. தடுக்கக்கூடியது உள்ளூர்ப் பாதுகாப்புச் சட்டம், அல்லது பத்திரத்தில் பதிந்த நிரந்தரப் பாதுகாப்பு ஒப்பந்தம்.

பதிவேட்டின் பயன் வேறு. வருமானம் தரும் கட்டடமானால், அங்கீகரித்த சீரமைப்புச் செலவில் 20 சதவீதம் கூட்டரசு வரிச் சலுகை கிடைக்கும். வேலை தொடங்கும் முன் விண்ணப்பியுங்கள். சன்னலை எல்லாம் மாற்றிவிட்டுப் பிறகு விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் அதிகம்.

திரும்பத் திறக்கலாம்னு குழு போட்டிருக்கோம். முதல்ல நாற்காலியா, திரையா?

இரண்டும் இல்லை, கூரை. அதிலும் டிரஸ்ஸின் முனை செங்கல் சுவருக்குள் செருகியிருக்கும் இடம். கூரை ஓர நீர் அங்கேதான் இறங்கும், மரம் வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். கட்டமைப்புப் பொறியாளர் ஒவ்வொரு முனையையும் குத்திப் பார்த்த பிறகே மற்ற பேச்சு. சுவரின் மூட்டுக் கலவை உதிர்ந்திருந்தால் சுண்ணாம்புக் கலவையால்தான் பூச வேண்டும். பழைய செங்கல் மென்மையானது. கடினமான போர்ட்லாண்ட் சிமென்ட் பூசினால் ஈரம் மூட்டு வழியே வெளியேற முடியாமல், குளிரில் உறைந்து செங்கலின் முகமே பெயர்ந்து விழும்.

அடுத்தது தரையின் தாங்குதிறன். இன்றைய விதிப்படி நிலையான இருக்கைக் கூடத்துக்குச் சதுர அடிக்கு 60 பவுண்டு, நாற்காலியை நகர்த்தும் கூடத்துக்கு 100, மேடைக்கு 150. சமதரைக் கூடம்தான் அதிகம் தாங்க வேண்டும், ஏனென்றால் அங்கே கூட்டம் நெருக்கி நின்று ஆடும்.

பிறகு வெளியேறும் வழி. பழைய ஏட்டில் 600 இருக்கை என்றிருப்பதை வைத்து வருமானத் திட்டம் போடாதீர்கள். தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் இல்லாத கட்டடத்தில் படிக்கட்டுக்கு ஆளுக்கு 0.3 அங்குலம் என்பது பொதுக் கணக்கு. 44 அங்குலப் படி ஒன்றுக்கு 146 பேர். இரண்டு படி இருந்தால் 292. மூன்றாவது படியோ, தெளிப்பானோ வைத்தால்தான் அதற்கு மேல். எண்ணை உறுதிசெய்வது உள்ளூர்த் தீயணைப்பு அதிகாரி, அவரை முதல் மாதத்திலேயே அழைத்துக் காட்டுங்கள். 1990-இன் மாற்றுத்திறனாளர் சட்டத்துக்காக மின்தூக்கியும் வேண்டும். அதைக் கூடத்துக்குள் குடையாமல், பின்புறம் புதிய படிக்கட்டோடு சேர்த்து ஒரே கோபுரமாகக் கட்டுவதுதான் பெரும்பாலும் மலிவு, பழைய சுவரும் தப்பிக்கும்.

நாற்காலியைப் பிரித்துச் சீர்செய்வது கடைசி வேலை. பிரிக்கும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் வரிசை எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதிவிடுங்கள். வளைவு வரிசை நாற்காலிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அகலம் மாறும், இடம் மாற்றிப் போட்டால் திருகுத் துளைகள் பொருந்தாது.